தகரை விதையும் சீனத்து ஜுவேமிங்ஸியும் ஒன்றா? சாயா போட்டுக் குடிக்கலாமா?

தக்கலை வீட்டுத்தோட்டம் – கேள்வி

சிங்கப்பூரிலிருந்து அரைக்கிலோ பொட்டலம் ஒன்று வந்திருக்கு. மேலே சீன எழுத்து, கீழே ‘கேசியா சீட்’, பக்கத்தில் ‘ஜுவேமிங்ஸி’. கண்ணுக்கும் பிரஷருக்கும் மலச்சிக்கலுக்கும் அங்கே சாயா போலக் குடிப்பார்களாம். விதை பச்சை கலந்த பழுப்பு, நல்ல பளபளப்பு, இரண்டு முனையும் சாய்வாக வெட்டிவிட்டதுபோல் இருக்கு. ஆடி மாசம் தோரன் வைக்கப் பறிக்கிற நம்ம தகரையின் காய்ந்த நெற்றை உடைத்தால் வருகிற விதையும் ஏறக்குறைய இதே உருவம்.

குடிக்கப்போகிறவருக்கு வயது 72. டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. சுகர் இல்லை. மலச்சிக்கல் உண்டு, அதற்கு ராத்திரி நிலாவாரைச் சூரணம் அரை ஸ்பூன். ஆறு மாசமாகக் கண்ணில் எரிச்சலும் தண்ணீர் வடிதலும் இருக்கு.

இது தகரை விதைதானா? எத்தனை கிராம், வறுத்தா, பச்சையாகவா? பொட்டலம் தீர்ந்தபிறகு விளையில் (தோட்டத்தில்) நிற்கிற செடியிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாமா? ‘உடம்புக்கு ரொம்ப நல்லது’ என்ற பதில் நிறையக் கிடைச்சாச்சு. அளவு என்ன, எந்த இடத்தில் தப்பு வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு பச்சிலை

அக்கா, ஏறக்குறைய தகரைதான். ஜுவேமிங்ஸி என்ற பெயரில் சீன அரசின் மருந்து நூல் இரண்டு செடிகளின் விதையை ஏற்கிறது: சென்னா ஒப்டூசிஃபோலியா, சென்னா தோரா. நம்ம ஊசித்தகரை இரண்டாவது. முன்பு இரண்டையும் கேசியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். பொட்டலத்தில் அந்தப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கு. கருவாப்பட்டைக்குப் பதிலாகக் கடைகளில் வருகிற தடித்த பட்டைக்கும் ‘கேசியா’ என்றுதான் பெயர். அது வேறு மரம், வேறு குடும்பம். ஒன்றைப் பற்றிப் படித்ததை மற்றதுக்குப் பொருத்திவிடாதீர்கள்.

கையில் இருப்பது எந்த விதை என்று லென்ஸ் இருந்தால் பார்த்துவிடலாம். ஒப்டூசிஃபோலியா 3 முதல் 7 மில்லிமீட்டர் நீளம். விதையின் இரு பக்கமும் வெளிறிய கோடு ஒன்று சாய்வாக, மெல்லிசாக ஓடும். தோரா கொஞ்சம் சின்னது, 3 முதல் 5 மில்லிமீட்டர். அதில் கோட்டுக்குப் பதிலாக அகலமான மஞ்சள் பழுப்புப் பட்டை இருக்கும். சீனாவிலிருந்து வருவது பெரும்பாலும் முதல் வகை. உபயோகமும் அளவும் இரண்டுக்கும் ஒன்றே.

ஒரே விதையை அவர்கள் ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் பிடித்திருக்கிறோம். நம்ம நாட்டு வைத்தியத்தில் தகரை விதை முதலில் தோலுக்கு. சமஸ்கிருதத்தில் ‘தத்ருக்ன’ என்றே ஒரு பெயர் உண்டு, படர்தாமரையை ஒழிப்பது என்று பொருள். சீனத்தில் அது கண்ணுக்கும் குடலுக்கும். ஜுவேமிங் என்ற பெயரே பார்வை தெளிவதைத்தான் சொல்கிறது. சற்றுக் குளிர்ச்சியான விதை, ஈரலின் சூட்டைத் தணிக்கும் என்பது அவர்கள் கணக்கு. கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், தலைவலி தலைச்சுற்றல் இருந்தால், மலம் இறுகியிருந்தால் கொடுப்பார்கள். உடம்பே குளிர்ந்து மலம் இளகிப் போகிறவருக்கும், பிரஷர் தாழ்ந்தே இருக்கிறவருக்கும் கொடுக்கமாட்டார்கள். இந்த இரண்டாவது பாதி பொட்டலத்தில் அச்சடித்து வருவதில்லை.

அளவு: நாளுக்கு 9 முதல் 15 கிராம், கஷாயமாக. இது வைத்தியர் ஆளைப் பார்த்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, சில நாளுக்கு எழுதுகிற அளவு. வீட்டில் தானாகக் குடிக்கிறவர் 15-க்குப் போகவேண்டிய தேவை இல்லை. 3 முதல் 5 கிராமில் தொடங்கினால் போதும். ஒரு டீஸ்பூன் மட்டமாக எடுத்தால் சுமார் 4 கிராம் வரும். ஆனாலும் முதல் தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள், ஸ்பூனுக்கு ஸ்பூன் வித்தியாசம்.

வறுப்பதுதான் இதில் முக்கியமான வேலை. பச்சை விதையில் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள்கள், சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கு. நிலாவாரையில் வயிற்றை இளக்குவதும் இதே வகைதான். சூடு பட்டால் அந்தப் பிணைப்பு உடைந்து பேதித்தன்மை குறையும். அதனால் தினசரிப் பானத்துக்கு வறுத்த விதை, மலச்சிக்கலுக்கு வறுக்காத விதை என்று சீனத்தில் பிரிப்பார்கள். மலச்சிக்கலுக்கென்றால் நீண்ட நேரம் கொதிக்கவிடமாட்டார்கள்; கொதிக்கக் கொதிக்க அந்தக் குணம் போய்விடும்.

அடிகனமான இரும்புச்சட்டி, சிறுதீ. முதலில் விதையை வெள்ளத்தில் (தண்ணீரில்) அலசி, மிதக்கிற பொக்கை விதையைத் தள்ளிவிட்டு, துணியில் நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். ஈரத்தோடு போட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. 5 முதல் 8 நிமிஷம் கை விடாமல் கிளறவேண்டும். படபடவென்று ஒன்றிரண்டு வெடித்து, நிறம் ஒரு படி கருத்து, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசம் எழும்பும்போது இறக்கி உடனே தட்டில் பரப்பணும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். கருகினது வெறும் கசப்பு, அதை எறிந்துவிடலாம்.

ஆறினபிறகு உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். தோல் கடினம், முழு விதையைப் போட்டால் சாரம் இறங்காது. அதற்காக மிக்ஸியில் மாவாக்கவும் கூடாது: உள்பருப்பில் பிசின் உண்டு, நைசாக அரைத்தால் கஷாயம் கஞ்சிபோல் கொழகொழத்து வடிகட்டியில் நின்றுவிடும். 5 கிராமுக்கு 400 மில்லி வெள்ளம், மூடி வைத்து 15 நிமிஷம் சிறுதீயில். வடித்ததை இரண்டாகப் பிரித்துச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம். வடித்த சக்கையை மறுபடி கொதிக்கவைத்துக் குடிப்பதில் தப்பில்லை. ராத்திரி முழுக்க வெளியே வைத்து மறுநாள் குடிப்பதுதான் தப்பு, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் புளித்துவிடும்.

இதோடு சாமந்திப்பூ சேர்ப்பது சீனப் பழக்கம். அதற்காகத் தோவாளைச் சந்தையில் மாலைக்கு வருகிற பூவை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மாலைப்பூவுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது யாரும் குடிப்பதை நினைத்து அடிப்பதில்லை.

வேர்கிளம்பி விளை

பச்சிலை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. அக்கா கடைசியாகக் கேட்டதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உயிர் போகிற தப்பு அங்கேதான் இருக்கு. விளையில் தகரை நிற்கிற இடத்தில் பெரும்பாலும் பேயாவரையும் நிற்கும். சில இடங்களில் பொன்னாவரை என்பார்கள், தாவரப் பெயர் சென்னா ஆக்சிடென்டாலிஸ். இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டும் மழைக்கு முளைத்து இடுப்புயரம் வரும், இரண்டையும் கசக்கினால் நாற்றம். விதையாகப் பறித்துச் சாக்கில் போட்டபிறகு பிரிப்பது கஷ்டம். செடியில் நிற்கும்போதே பிரித்துவிடணும்.

நெற்றைப் பாருங்கள். தகரையின் நெற்று ஊசி மாதிரி மெல்லிசு, ஒரு சாண் வரை நீண்டு அரிவாள் போல் வளைந்திருக்கும். ஊசித்தகரை என்ற பெயரே அதனால்தான். பேயாவரை நெற்று தட்டை, சுண்டுவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு, நாலைந்து அங்குலம். நடுவே பழுப்பும் இரு ஓரத்திலும் வெளிறிய மஞ்சள் கரையும் தெரியும்.

இலையில் இன்னும் தெளிவு. தகரையில் மூன்றே ஜோடி. சிற்றிலை நுனி உருண்டையாக, முட்டையைத் தலைகீழாக வைத்தது போல் இருக்கும். சாயங்காலம் இலை மடங்கும். பேயாவரையில் நாலு முதல் ஆறு ஜோடி, நுனி கூராக நீண்டு போகும். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் மிளகு மாதிரி ஒரு உருண்டைச் சுரப்பி இருந்தால் அது பேயாவரை. தகரையில் சுரப்பி அங்கே இருக்காது. சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே சின்னக் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும். பூ, காய் இல்லாத இளஞ்செடியிலும் இந்த அடையாளம் கிடைக்கும். ஆடியில் கீரை பறிக்கிறவர்களும் இதையே பார்த்துக்கொள்ளுங்கள்.

விதை தனியாகக் கையில் வந்துவிட்டால்: தகரை உருளையாக, முனை சாய்ந்து, பளபளக்கும். பேயாவரை தட்டை வட்டம், குறுக்களவு 4, 5 மில்லிமீட்டர், மங்கின ஒலிவப் பழுப்பு. இரு முகத்திலும் நீள்வட்டமாக ஒரு குழி அடையாளம். தட்டில் ஒரு கைப்பிடி பரப்பிச் சாய்த்தால் தகரை உருளும், பேயாவரை வழுக்கி நிற்கும். இது பொறுக்கிப் பார்க்க ஒரு உதவி மட்டும்தான். சந்தேகம் இருக்கிற சாக்கை முழுக்க ஒதுக்கிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சகாரன்பூர் பக்கத்துக் கிராமங்களில் மழைக்காலம் முடிகிற மாதங்களில் வருஷாவருஷம் சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்து, பிதற்றி, வலிப்பு வந்து, மயங்கி இறந்துகொண்டிருந்தார்கள். வெகுகாலம் மூளைக்காய்ச்சல் என்றே எழுதிவந்தார்கள். பிள்ளைகள் விளையாட்டாகப் பேயாவரைக் காயை உடைத்துத் தின்றதுதான் காரணம் என்று 2007-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஈரல், தசை, மூளை மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்குகிற நஞ்சு அது. 2016-ல் ஒடிசாவின் மால்கான்கிரி மாவட்டத்தில் பிள்ளைகள் கூட்டமாக இறந்தபோதும் இந்த விதையின் பங்கை நிபுணர் குழு சுட்டிக்காட்டியது. அங்கே தகரைக்குச் சகுண்டா, பேயாவரைக்குப் படா சகுண்டா. பெயரிலேயே ஒரு சொல்தான் வித்தியாசம்.

தகரை விதையின் உள்பருப்பிலிருந்து உணவுத் தொழிலுக்குக் கேசியா பிசின் எடுக்கிறார்கள். அதன் தரக் குறிப்பிலும் பேயாவரை விதை கலப்புக்கு மிகக் கடுமையான வரம்பு போட்டிருக்கிறார்கள். இயந்திரம் வைத்துச் சலிக்கிற ஆலைக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், விளையில் கையால் பறிக்கிற நாம் எத்தனை கவனமாக இருக்கணும்!

‘பேயாவரையையும் வறுத்துக் காப்பி போல் குடிப்பார்களே’ என்று யாராவது சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் குடிப்பது உண்டு. ஜப்பானின் ஹபுச்சாவும் ஆதியில் அந்த விதையில் போட்டதுதான். இப்போது அங்கேயே தகரை இன விதைக்கு மாறிவிட்டார்கள். வறுத்தால் நஞ்சு குறையும். எந்த வறுவலில் எவ்வளவு குறையும் என்று வீட்டு அடுப்பில் அளக்க வழியில்லை. வேண்டவே வேண்டாம்.

இனி, தகரையேதான் என்று உறுதியானாலும் எங்கே நிற்கிற செடி என்று பார்க்கணும். ரப்பர்த் தோட்டத்திலும் வாழை வரப்பிலும் களைக்கொல்லி அடிப்பார்கள். தகரை ஒரு களை, மருந்து அதன்மேல்தான் விழும். ரோட்டோரச் செடியும் வேண்டாம். சொந்த விளையில் மருந்து படாத மூலையில் நாலு செடியை விட்டுவைத்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம்.

அறுவடை நம்ம மாவட்டத்தில் ஒரு சிக்கல். நெற்று முற்றுகிற நேரமும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஒன்றாக வரும். நெற்று பச்சை மாறிப் பழுப்பானதும், வெடிப்பதற்கு முன்னால், காலைப் பனி ஈரம் இருக்கும்போதே கொத்தாக வெட்டுங்கள்; வெயில் ஏறினால் தொட்டதும் வெடித்துச் சிதறும். மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் காற்றாட விரித்து மின்விசிறி போடுங்கள். கூட்டி வைத்தால் இரண்டே நாளில் பூசணம். தகரை விதைக்குச் சீன மருந்து நூல் அஃப்ளாடாக்சின் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கு, இந்தப் பூசண நஞ்சு அதில் எளிதாகச் சேரும் என்பதால்தான். அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுக்கப் போகாது. விதையில் சாம்பல் படிந்திருந்தாலோ, மக்கின வாசம் வந்தாலோ, கழுவிக் காயவைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், குப்பையில் கொட்டுங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடையுமளவு காய்ந்ததை மட்டும் கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ‘தகர’ என்று மட்டும் கேட்காதீர்கள். தகரம் என்று வேறொரு சரக்கு உண்டு, அது வேர். ‘தகரை விதை’ என்று முழுசாகச் சொல்லி, பொட்டலம் கட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள்.

நாகர்கோவில் மருந்தாளுநர்

மேலே இரண்டு பேரும் விதையைப் பார்த்தார்கள். நான் அந்த 72 வயதுக்காரரின் மாத்திரைச் சீட்டைப் பார்க்கிறேன். இப்போதைக்கு அவருக்கு இந்தச் சாயா வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் சொல்கிறேன்.

ஹைட்ரோகுளோரோதயாசைடு நீர்மாத்திரை. சிறுநீரோடு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியேற்றும். நிலாவாரை, நம்ம பக்கத்துத் திருநெல்வேலியின் பெயரிலேயே உலகமெல்லாம் போகிற சென்னா. பேதி வழியாக அதுவும் பொட்டாசியத்தை இழக்கவைக்கும். தினமும் எடுக்கிறார் என்கிறீர்கள். இதன்மேல் அதே வகைப் பொருள் உள்ள தகரையைச் சேர்த்தால் ஒரே வேலையை மூன்று பேர் செய்வதுபோல் ஆகும். பொட்டாசியம் இறங்கினால் காலில் குரக்கை பிடிக்கும், தளர்ச்சி வரும், நெஞ்சுத் துடிப்பு தப்பும். வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கினால் பேச்சே குழறும்.

டெல்மிசார்டனின் பிரச்சினை வேறு. அந்த மாத்திரை எடுக்கிறவருக்குத் தண்ணீராக வயிற்றோட்டம் போனால், உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்கிற வழியை மாத்திரை அடைத்துவைத்திருக்கும். ஒருநாள் பேதியே கிரியேட்டினைனை, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவை, ஏற்றிவிடலாம். அதோடு பிரஷரும் தாழ்ந்து, ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போகையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவது ரொம்பவும் சாதாரணமாக நடக்கிற விபத்து.

பிரஷருக்கும் கொழுப்புக்கும் இந்த விதை உதவும் என்று சீனத்தில் ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், பல சரக்குகள் கலந்த மருந்துகளை வைத்துச் செய்தவை. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க அவை ஆதாரம் ஆகாது.

வேறு யார் தொடக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், பிள்ளைகள். இதயத்துக்கான டிஜாக்சின் எடுக்கிறவர்கள், பொட்டாசியம் இறங்கினால் டிஜாக்சினே விஷமாகும். பியூரோசிமைடு என்ற நீர்மாத்திரை எடுக்கிறவர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள், தொடர்ந்து வயிறு இளகினால் ரத்தம் உறையும் அளவு மாறிப்போகும். ஈரல், சிறுநீரகத் தீனம் உள்ளவர்கள். காரணம் தெரியாத வயிற்றுவலி இருக்கிறவர்கள். குடல் அடைத்த வயிற்றுக்குப் பேதி கொடுப்பது ஆபத்து. மெட்ஃபார்மின் எடுத்து ஏற்கெனவே வயிறு இளகிப் போகிறவர்களும் விட்டுவிடலாம்.

இவற்றில் எதிலும் சேராதவர் குடித்தாலும் ஒன்றிரண்டு வாரம், பிறகு நிறுத்தணும். ஆந்த்ராகுவினோன் பேதிமருந்தை மாசக்கணக்கில் எடுத்தால் பெருங்குடலின் உள்தோல் கருத்துப்போகலாம். தகரையில் உள்ள சில பொருள்களை எலிகளுக்கு அதிக அளவில், நீண்ட நாள் கொடுத்தபோது ஈரல் பாதித்ததையும் ஆய்வுகள் காட்டியிருக்கு. குடிக்கிற நாட்களில் சிறுநீர் கடுஞ்சாயா நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, தொடையும் தோளும் காரணமில்லாமல் வலித்துத் தளர்ந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு, குடித்த விதையில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். விதை கையில் இருந்தால் எது என்று பார்க்க முடியும்.

அந்தக் கண்ணைப் பற்றி. 72 வயதில் ஆறு மாசமாக எரிச்சலும் நீர் வடிதலும் என்றால் கண்ணீர்ச் சுரப்பு குறைந்த வறட்சி, கண்ணீர்ப் பாதை அடைப்பு, இமை உள்ளே மடிந்து முடி குத்துவது, இப்படி நேரில் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிகிற காரணங்கள் இருக்கு. கண்ணின் உள் அழுத்தமும் அந்த வயதில் அளந்து பார்க்கவேண்டியது. எந்த விதைச் சாயாவும் மடிந்த இமையை நிமிர்த்தாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள கண் மருத்துவரிடமோ முதலில் காட்டுங்கள்.

தக்கலை வீட்டுத்தோட்டம்

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். நிலாவாரையும் இதுவும் ஒரே வகை என்பது தெரியவே தெரியாது. பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டேன். நிலாவாரையைச் சட்டென்று நிறுத்தினால் மலம் இன்னும் இறுகாதா? இரண்டாவது, வேர்கிளம்பி அண்ணன் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் கிணற்றடியில் நிற்பதில் பாதி பேயாவரை. வீட்டில் நாலு வயசுப் பிள்ளை உண்டு. எப்படி அகற்றுவது? மூன்றாவது, தோலுக்குத் தகரை விதையை அரைத்துப் போடுவது சரிதானா?

கோட்டாறு பச்சிலை

நிலாவாரையை ஒரேநாளில் விடவேண்டாம். அரை ஸ்பூனைக் கால் ஸ்பூனாக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், இப்படி இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவாருங்கள். கூடவே காலையில் வெதுவெதுப்பான வெள்ளம், பகலில் கீரைத் தோரன், ராத்திரி ஒரு பாளையங்கோடன் பழம். இசப்கோல் உமி ஒரு ஸ்பூனைப் பெரிய கிளாஸ் வெள்ளத்தில் கலந்து உடனே குடிப்பதும் நல்லது. வெள்ளம் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளுக்கும் உமிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நீர்மாத்திரை எடுக்கிறவர் என்பதால் டாக்டரிடம் சொல்லிப் பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினைன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தோலுக்கு: படர்தாமரைக்கு மட்டும். 10 கிராம் விதையை இடித்து, புளித்த மோரில் ஒரு ராத்திரி ஊறவைத்து மைய அரைக்கணும். இங்கே மாவாக அரைப்பதுதான் வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டும் அரைப்பார்கள், அது எரியும், மோர் போதும். முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் படர்தாமரையின் மேலும் அதன் விளிம்பைத் தாண்டி ஒரு விரலகலமும் பூசி, 20 நிமிஷத்தில் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடணும். முகம், தொடையிடுக்கு, புண் உள்ள தோல், பிள்ளைகள் உடம்பு, எதிலும் வேண்டாம். துணியில் கறை ஏறும்.

விதையில் உள்ள கிரைசோஃபனால் வகைப் பொருள்கள் பூஞ்சையை ஒடுக்கக்கூடியவை, அதனால் பலன் இருக்கலாம். ஆனால் இப்போது ஊரெல்லாம் பரவுகிற படர்தாமரை பழையது மாதிரி இல்லை. ஸ்டீராய்டு கலந்த கிரீமைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசிப்பூசி, சாதாரண மருந்துக்கு மசியாத பூஞ்சை பெருகிவிட்டது. அந்தக் கிரீம் பூசிவந்த தோலில் இதை அரைத்துப் போட்டால் தோல் மெலிந்திருப்பதால் வெந்துபோகும். இரண்டு வாரத்தில் வட்டம் சுருங்கவில்லை என்றாலும், உடம்பில் மூன்று நாலு இடத்தில் இருந்தாலும், வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தாலும் தோல் மருத்துவரிடம் போய், படர்தாமரை உள்ள எல்லாரும் ஒன்றாக மருந்து எடுக்கணும்.

வேர்கிளம்பி விளை

அக்கா, முதலில் பிள்ளை. கிணற்றடிப் பக்கம் தனியாக விடவேண்டாம். ‘இந்தத் தட்டைக் காயைத் தொட்டால் உடனே வந்து சொல்லணும்’ என்று காயைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள். பயறு மாதிரி இருப்பதால்தான் பிள்ளைகள் உடைப்பது. தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்கவேண்டாம், உப்புத்தண்ணீர் கொடுக்கவேண்டாம். காய், இலையோடு ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு 108-ல் நேரே ஆஸ்பத்திரி. இதற்கு மாற்றுமருந்து கிடையாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சர்க்கரை இறங்காமலும் வலிப்பு வராமலும் பார்த்துக்கொள்ள முடியும். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுது என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், ஈரல் கெடுவது வெளியே தெரியக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

செடியைப் பிடுங்க மழை பெய்த மறுநாள் நல்லது, ஆணிவேர் முழுசாக வரும். வெட்டிவிட்டால் அடியிலிருந்து தழைக்கும். பூ விடுவதற்கு முன் பிடுங்கினால் அங்கேயே உரக்குழியில் போடலாம். காய் வைத்துவிட்டால் நெற்று காய்வதற்கு முன்னால், பச்சையாக இருக்கும்போதே பிடுங்கி, காயை எல்லாம் ஒரு சாக்கில் உருவிப் போட்டு, வெயிலில் உலர்த்தி எரித்துவிடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது. விதை கால்நடைக்கும் தசையைக் கெடுத்துப் படுக்கவைக்கும். விதைத்தோல் கெட்டி என்பதால் மண்ணில் விழுந்தது பல வருஷம் முளைக்காமல் கிடந்து பிறகு எழும்பும். அதனால் அடுத்த இரண்டு மூன்று வருஷம், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கி மூன்றாவது வாரம் கிணற்றடியை ஒருதரம் பாருங்கள். அந்த நேரத்தில் செடி ஒரு விரல் உயரம்தான் இருக்கும், இரண்டு விரலால் கிள்ளி எடுத்துவிடலாம்.